பதிவான கிணறு

நகரசபை அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். சங்கத்து மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். இனிமையான அனுபவமாக இருந்தால் நல்லது என்று செயலாளர் தம்பி வேறு வாசல் வரை போய்த் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனார். யோசித்துப் பார்த்தேன். இனிமை வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகும் ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அந்த வார்த்தையை நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள். ‘பதிவு செய்யப்பட்டது.’

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மன்றத்துக்கு ஒரு மனு வந்தால் சம்மதம் என்று சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். சம்மதிக்க மனமில்லை, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமும் இல்லை என்றால், ‘பதிவு செய்யப்பட்டது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடலாம். மனு வந்தது, பார்த்தோம், மூலையில் போட்டோம் என்பதுதான் ஆபீஸ் அகராதியில் அதற்கு அர்த்தம். முடியாது என்றாலாவது மனு கொடுத்தவன் நம்மைத் திட்டிவிட்டு வேறு வழி பார்ப்பான். இதில் அவன் திட்டுவதற்குக்கூட வழி இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளில், இராமநாதபுரம் சீமையில் கடலோரமாக இருந்த ஒரு சின்ன நகரசபையில். ஊர்ப் பெயர் வேண்டாம். அன்றைக்கு மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நல்ல நிலைமையில் இருக்கிறார்கள், பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஆள். கண்மாய்த் தண்ணீரில் வளர்ந்தவன். முதல் நாள் அந்த ஊர்த் தண்ணீரை வாயில் வைத்ததும், புது ஆளை யாரோ கேலி செய்ய உப்பைக் கலந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

ஊரின் கீழ்ப்புறம் வலைக்காரத் தெரு. முஸ்லிம் குடும்பங்களும் இந்து மீனவர் குடும்பங்களும் சுவருக்குச் சுவர் ஒட்டிக் குடியிருந்த தெரு. ஒரு புயலில் கடல் உள்ளே ஏறி வந்து தெருக் கிணற்றில் விழுந்ததிலிருந்து அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்க வேண்டுமென்றால் பெண்கள் ஊருக்கு வெளியே மணல்மேட்டுக்குப் போக வேண்டும். ஊற்றுத் தோண்டி, கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வெயிலில் திரும்பி வர வேண்டும். பிள்ளைக்காரிகளும் போவார்கள், மாசமாக இருப்பவர்களும் போவார்கள்.

இத்தனைக்கும் நல்ல தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தெருவை ஒட்டி நகரசபைக்குச் சொந்தமான வண்டிப்பேட்டை. எங்கள் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வருகிற வண்டிகள் அங்கேதான் நிற்கும். கண்மாய்த் தண்ணீர் குடித்துப் பழகிய மாடுகள் உப்புத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதனால் வண்டிக்காரர்கள் பேட்டையின் மூலையில் ஒரு குழி தோண்டி வைத்திருந்தார்கள். அதில் ஊறியது நல்ல தண்ணீர். வண்டிமாட்டுக்குக் கிடைத்த தண்ணீர் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த மூலையில் ஒரு கிணறு வேண்டும் என்பதுதான் வலைக்காரத் தெருவின் மனு.

மனு கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மரியம் பீவி. இடியாப்பம் அவித்து விற்கிறவர். தெருவில் எந்தக் காரியமானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். இன்னொருவர் காளிமுத்து. தோணிகளை ஓட்டிப் போகும் தண்டலாக இருந்து, கண் மங்கியதால் கரையில் உட்கார்ந்துவிட்டவர். மன்றக் கூட்டத்தன்று இருவரும் வந்து, வெளியார் உட்காரும் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பொருள்களை வாசிப்பதும் முடிவை எழுதுவதும் என் வேலை.

வட்டாரக் குறைகளிலிருந்து தொடங்கினேன். மேலத் தெருவில் விளக்கு எரியவில்லை. பதிவு. பள்ளிக்கூட வாசலில் சாக்கடை தேங்குகிறது. பதிவு. மீன் மார்க்கெட்டுக்குக் கூரை இல்லை. பதிவு. சேர்மன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். வலைக்காரத் தெருவுக்கு வண்டிப்பேட்டையில் கிணறு என்று வாசித்தேன். அதற்கும் அவர் தலையைத் தூக்கவில்லை.

“பதிவு செய்யப்பட்டது” என்றார்.

பின்வரிசையில் காளிமுத்து எழுந்து நின்று பெரிய கும்பிடாகப் போட்டார். மரியம் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சலாம் வைத்தார். இருவரும் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே போனார்கள். இதில் கும்பிடுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. யோசிக்கவும் விடவில்லை, அடுத்த பொருளை எடுக்கச் சொல்லி மேசையைத் தட்டினார் சேர்மன். அதற்காகத்தான் அன்றைக்குக் கூட்டமே.

சட்டசபைத் தேர்தல் வந்துகொண்டிருந்தது. நின்றவர் சேர்மனின் சம்பந்தி. அவருக்கு நகரசபை ஒருமனதாக ஆதரவு தெரிவிக்கிறது என்று தீர்மானம் போட வேண்டுமாம். ‘முழு ஆதரவு’ என்று போடுவதா, ‘மனப்பூர்வமான ஆதரவு’ என்று போடுவதா என்று ஒரு விவாதம். ஊர்வலம் முதலில் யார் வார்டுக்குள் நுழைவது என்று ஒரு சண்டை. முதல் மாலையை யார் போடுவது என்பதில் இரண்டு உறுப்பினர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்கள். இரண்டு தடவை வடை வந்தது. குடிதண்ணீருக்கு ஒரு வார்த்தை, மாலைக்கு ஒரு மத்தியானம் முழுக்க! இந்த அநியாயத்தை வரி பிசகாமல் எழுதுவதற்கு எனக்குச் சம்பளம்.

எங்கள் மானேஜர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

“சேர்மன் ஐயா, மன்றம் ஊருக்குப் பொதுங்க. ஒரு வேட்பாளருக்கு ஆதரவுன்னு மன்றத்துப் பேர்ல சொல்றதுக்கு விதியில எடமில்ல.”

“எது பொதுன்னு எனக்கே பாடம் நடத்துறீங்களா? தீர்மானம்னு எழுதச் சொல்லுங்கய்யா!”

தீர்மானம் நிறைவேறியது. 

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மரியம் பீவி ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு, தட்டு நிறையச் சீனி.

“பாத்திஹா ஓதித் தெருவுக்கெல்லாம் சீனி குடுத்தோம் தம்பி. ஆபீஸுக்குக் குடுக்காட்டி எப்படி? எடுத்துக்கங்க.”

“என்னக்கா விசேஷம்?”

“என்ன விசேஷமா? கிணத்துல தண்ணி பாத்துட்டோம்ல! அல்லா கிருபையில இளநீ மாதிரி தண்ணி.”

“எந்தக் கிணத்துல?”

“பேட்டைக் கிணத்துலதான். சேர்மன் வாயாலயே பதிவு பண்ணிட்டாகள்ல? பதிவானப்பெறகு என்ன தடை? நகரசபைக்கு ஆயிரம் சோலி கெடக்கும், அவுகள எதுக்கு அலைக்கழிக்கணும், நாமளே தோண்டிக்கிருவோம்னு ஆம்பள பொம்பள எல்லாரும் எறங்கிட்டோம்.”

அவர் தட்டை வைத்துவிட்டுப் படி இறங்கியதுதான் தாமதம், ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. பதிவு செய்ததை நம்பிக் கிணறு வெட்டிவிட்டார்களாம்! அந்தச் சீனியை வாயில் போட்டுக்கொண்டேதான் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டோடு தூக்கி எறிந்திருப்பேன், அது அவர்கள் வீட்டுத் தட்டு என்பதால் விட்டேன்.

என்ன தப்பு செய்தார்கள் அவர்கள்? வீட்டைப் பதிவு செய்தால் வீடு சொந்தம். தோணியைப் பதிவு செய்தால் தோணி சொந்தம். பதிவு என்ற வார்த்தைக்கு ஊர் உலகமெல்லாம் ஒரு மரியாதை இருக்கிறது. பதிவானதை ஒருத்தரும் பிடுங்க முடியாது என்பது அந்த மரியாதை. கெட்டுப்போனது அவர்கள் தமிழ் அல்ல, நம்முடைய தமிழ்.

சிரிப்பு சேர்மன் அறைக்கும் எட்டிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

“நகரசபை எடத்துல எவனக் கேட்டுத் தோண்டுனாங்க? ஆளக் கூட்டிட்டுப் போய் மூடிட்டு வா.”

நான் திரும்பினேன். “நில்லு” என்றார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். அந்த ஒதுக்கலைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும், ஏதோ புத்தி ஓடுகிறது என்று.

“வெள்ளிக்கிழம சம்பந்தி அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வாராரு. வீட்டுக்கு வீடு கொடி பறக்கணும். ஜும்மா தொழுகை முடிஞ்சதும் தெருவே நின்னு வரவேத்து, எங்க ஆதரவு உங்களுக்குத்தான்னு சொல்லணும். சம்மதிச்சா கிணறு இருக்கட்டும். இல்லேன்னா இன்னைக்கே மண்ணத் தள்ளிரு. இத அப்படியே போய்ச் சொல்லு.”

தம்பிகளே, ஆதரவு கேட்பது தப்பில்லை. கைகூப்பிக் கேட்கிறவனுக்கு யோசித்துப் போடுவதற்குப் பெயர் ஓட்டு. குடிக்கிற தண்ணீரின் மேல் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு கேட்பதற்குப் பெயர் வழிப்பறி. அந்த வழிப்பறிக்கு அரசாங்க உத்தியோகம் பார்க்கிற நான் தூது. மண்வெட்டியோடு இரண்டு தொழிலாளர்கள் என் பின்னால் வந்தார்கள்.

பேட்டை மூலையில் கிணறு அழகாக இருந்தது. மணல் சரியாமல் சுற்றிலும் உறை இறக்கியிருந்தார்கள். தண்ணீர் இன்னும் தெளியாமல் இளம்வெள்ளையாகக் கிடந்தது. வரிசையாகக் குடங்கள். என்னைக் கண்டதும் மரியம் பீவி ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். வாங்கினேன், குடிக்க மனம் வரவில்லை. வந்த காரியம் அப்படி. மண்வெட்டிகளைப் பார்த்துவிட்டுக் காளிமுத்து, “கரைய மட்டம் தட்டிக் குடுக்க ஆளனுப்பிருக்காகளா?” என்று சந்தோஷமாகக் கேட்டார்.

பேரத்தைச் சொல்லச் சொல்லித்தான் சேர்மன் அனுப்பினார். வார்த்தைக்கு விளக்கம் சொல்லச் சொல்லவில்லை. ஆபீஸ் வார்த்தையின் அர்த்தத்தை வெளியாளுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வழக்கத்தில் துரோகம் மாதிரி. ஆனால் அதைச் சொல்லாமல் பேரத்தை மட்டும் சொன்னால், தங்களுக்குக் கொடுத்ததைச் சேர்மன் திரும்பக் கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அவர் எதையுமே கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

“அக்கா, அண்ணே, ஒண்ணு சொல்லணும். எங்க ஆபீஸ்ல பதிவுன்னா குடுத்தாச்சுன்னு அர்த்தமில்ல.”

“பெறகு?”

“ஒண்ணும் செய்யப் போறதில்லைன்னு அர்த்தம்.”

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காளிமுத்துதான் முதலில் பேசினார்.

“ஏப்பா, பத்திர ஆபீஸ்ல பதிஞ்சா வீடு நமக்குங்கறாக. தொறமொகத்துல பதிஞ்சா தோணி நமக்குங்கறாக. உங்க ஆபீஸ்ல மட்டும் பதிஞ்சா போயிருமா?”

“நான் கும்பிட்டு வந்தேன்ப்பா” என்றார் மறுபடியும், தனக்குள் பேசுவதுபோல. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

மரியம் பீவிக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்லைன்னா இல்லைன்னு சொல்றதுக்கு என்ன, நாக்குல முள்ளா குத்துது? ஒரு நல்ல வார்த்தைய எடுத்து இப்படி நாசம் பண்ணி வச்சிருக்கீகளே!”

பிறகு பேரத்தையும் சொன்னேன். கொடி, வரவேற்பு, ஆதரவு, இல்லாவிட்டால் மண். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார்.

“அந்த மனுசர் யாரு எவருன்னு எங்களுக்குத் தெரியாது தம்பி. வந்து கேட்டா யோசிச்சுப் போட்டிருப்போம். இப்படிக் கழுத்துல கயித்தப் போட்டா இழுப்பாக?” என்றவர், என்னை நேராகப் பார்த்தார். “சரி, அவுக சொன்னத நீ சொல்லிட்ட. நீ என்ன செய்யப் போற? மூடப் போறியா?”

எனக்குப் புதுசாகக் கல்யாணமாகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. சேர்மன் நினைத்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் செம்பு இன்னும் என் கையில் இருந்தது. தண்ணீரைக் குடித்தேன். தொழிலாளர்களைப் பார்த்து, “நீங்க சாக்கடை வேலைக்குப் போங்கப்பா” என்றேன். அவர்கள் எப்போது சொல்வான் என்று காத்திருந்ததுபோல மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

“மூடியாச்சா?” என்றார் சேர்மன், நான் ஆபீஸுக்குத் திரும்பியதும்.

“மூடலைங்க. குடிக்கிற தண்ணியில மண்ணள்ளிப் போட என்னால ஆகாதுங்க.”

அதற்கு மேல் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது, மலரைப் பெண்களும் படிப்பார்கள். நானும் பதிலுக்குக் குரலை உயர்த்தினேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் என் வேலையும் போயிருக்கும், கிணறும் போயிருக்கும். மானேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வழக்கமான மெதுவான குரல்.

“மூடிரலாங்க. மன்றத்து எடத்துல இருக்கற கிணறு, அதுனால மன்றந்தான் தீர்மானம் போடணும். கூட்டத்துக்கு எல்லா உறுப்பினருக்கும் நோட்டீஸ் போகணும், வாசல்லயும் ஒட்டணும். ‘குடிதண்ணிக் கிணற்றை மூடுவது’ன்னு பொருள் போட்டு இன்னைக்கே ஒட்டிரட்டுங்களா? தேர்தல் நேரம், நாலு பேரு படிப்பாங்க.”

சேர்மன் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். “போங்க, போங்க” என்றார். வெளியே வந்ததும் மானேஜர் என்னிடம், “கோவப்பட்டது சரி. ஆனா கோவப்படும்போது கையில ஒரு விதியையும் வச்சுக்க. இல்லாட்டி அது வெறும் சத்தம்” என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் நான் வேலை பார்த்ததெல்லாம் அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான். அவர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் வெறும் சத்தமாகவே போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வேட்பாளர் வந்தார். சேர்மனோடு நாங்களும் போக வேண்டியிருந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் கொடி இல்லை. ஆனால் தொழுகை முடிந்து வந்த ஆண்களும் வீட்டு வாசல்களில் பெண்களுமாகத் தெருவே நின்றது. கூட்டத்தைப் பார்த்து வேட்பாளருக்கு ஏக சந்தோஷம். சேர்மனுக்குக் கொடி இல்லாததுதான் கண்ணில் பட்டது. வேட்பாளர் மோசமான மனிதராகத் தெரியவில்லை. ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். மரியம் பீவி செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஆகா! இந்தக் கரையில இப்படி ஒரு தண்ணியா?”

“எங்க கிணத்துத் தண்ணிதான்” என்றார் காளிமுத்து.

வேட்பாளர் கைகூப்பி ஆதரவு கேட்டார். சேர்மனுக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா, தெரு ஆதரவு முழுக்க உண்டுதானே? வாயத் தொறந்து சொல்லுங்க” என்றார். குரலில் மண்வெட்டி இருந்தது. தெரு முழுக்க மரியம் பீவியைப் பார்த்தது. 

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“உங்க கோரிக்கை எங்க தெருவுக்கு வந்துச்சு. ஆம்பள பொம்பள எல்லாரும் உக்காந்து பேசுனோம்” என்றவர், தலையைக் குனிந்துகொண்டு, சேர்மன் கூட்டத்தில் சொல்லும் அதே இழுவையில், அச்சுத் தமிழில் சொன்னார்: “பதிவு செய்யப்பட்டது.”

“பதிவே ஆயிருச்சா!” என்றார் வேட்பாளர். தெருவைப் பார்த்து மறுபடியும் கும்பிட்டார். “ரொம்ப நன்றி தாயி, ரொம்ப நன்றி!”

தெருவில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எப்படி அடக்கினார்களோ. சேர்மனின் முகத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் என்ன செய்வார்? அந்த வார்த்தைக்கு அர்த்தம் அதுவல்ல என்று சம்பந்தியிடம் சொன்னால், அதை ஊருக்கு எத்தனை தடவை சொன்னீர் என்று அவர் கேட்பாரே!

வேட்பாளர் விடவில்லை. “இந்தத் தெருவப் பத்தியா பயந்தீங்க? நல்ல தண்ணி, நல்ல சனம். கிணத்துக்கு ஒரு சுவரெடுத்து உருளையும் மாட்டிக் குடுங்க சேர்மன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தேர்தலுக்கு முன்பே சுவர் எழும்பிவிட்டது. கவனியுங்கள் தம்பிகளே. இடமில்லை, ஆளில்லை, விதியில்லை என்று மூலையில் கிடந்த காரியம். ஒரு பெரிய மனிதர் ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் இடமும் வந்தது, ஆளும் வந்தது. அப்படியானால் முதலிலேயே எல்லாம் இருந்திருக்கிறது, மனம்தான் இல்லை. என் கோபம் இன்னும் தீராததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே, முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். எழுதக் கை கூசினால், ஏன் கூசுகிறது என்று யோசியுங்கள். அநேகமாக அது முடிகிற காரியமாகத்தான் இருக்கும்.

அன்று ஊர்வலம் முடிந்து ஆபீஸுக்கு வந்ததும் சேர்மன் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்தப் பொம்பளைக்கு அதோட அர்த்தத்தச் சொல்லிக் குடுத்தது யாருய்யா?”

“நான்தாங்க.”

“ஆபீஸ் விசயத்த வெளிய சொல்லலாமா?”

“நம்ம வார்த்தைதானே ஐயா” என்றேன். “அர்த்தம் அவுகளுக்குத் தெரிஞ்சா நமக்கு என்ன நட்டம்?”

அவர் கதவைக் கைகாட்டினார். மறுநாள் காலையிலிருந்து எனக்குச் சந்தை வாசலில் வெயிலில் நின்று வரிச்சீட்டுக் கிழிக்கிற வேலை.